ரம்பம் டீச்சரும் நாலாவது அடியும்

அம்மாவின் பட்டப்பெயர் ரம்பம். பேசியே கழுத்தை அறுப்பவர்களுக்கு மாணவர்கள் வைக்கும் பெயர் அது. வைத்தது ஒன்பதாம் வகுப்பு இ பிரிவு. அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டிலேயே வைத்துவிட்டார்கள். ஸ்டாஃப் ரூமில் ஒரு ஆசிரியை தயங்கித் தயங்கி விஷயத்தைக் காதில் போட்டபோது அம்மா யோசித்துப் பார்த்துவிட்டு, "பொருத்தமாத்தான் இருக்கு. ஆனா எனக்குக் கடைவாயில ஒரு பல் கட்டுனது. ரம்பத்துக்கு எல்லாப் பல்லும் சொந்தமா இருக்கணுமே," என்றாளாம்.

முப்பத்தொரு ஆண்டு அதே பள்ளி, அதே தமிழ்ப் பாடம், பெரும்பாலும் அதே இ பிரிவு. அ பிரிவில் நன்றாகப் படிப்பவர்கள். ஆ பிரிவில் நன்றாகப் படிப்பதாக நடிப்பவர்கள். இ பிரிவுக்கு யாரும் போக விரும்புவதில்லை. அம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பாடப்புத்தகத்தில் மரபுத்தொடர்களுக்கு ஒரு கட்டம் போட்டிருப்பார்கள். இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள். கம்பி நீட்டுதல்: ஓடிவிடுதல். கயிறு திரித்தல்: பொய் சொல்லுதல். மனப்பாடம் செய்து எழுதினால் மதிப்பெண் உண்டு. அந்தப் பக்கத்தை அம்மா மருந்துச் சீட்டு என்பாள். "சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. இதை வச்சுக்கிட்டு ஒருத்தனும் வாயாடக்கூட முடியாது."

அவள் முறை வேறு. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். கரும்பலகையில் ஒரே ஒரு தொடர் எழுதுவாள். பொருள் சொல்ல மாட்டாள். அதில் இருப்பதை அப்படியே முதலில் படமாக வரைய வேண்டும். மூக்கறுத்தான் என்றால், ஒருவன் இன்னொருவன் மூக்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அடுத்தது, அந்தத் தொடரைக் கடைசியாக யார் வாயில், எந்த இடத்தில், என்ன கோபத்தில் கேட்டாய் என்று எழுந்து சொல்ல வேண்டும். அதற்கப்புறம் நாலு அடியில் ஒரு கவிதை. கவிதைக்குள் அந்தப் படமும் நிற்க வேண்டும், பொருளும் நிற்க வேண்டும். "ரெண்டு காலும் தரையில இருக்கணும். ஒத்தக் கால்ல நின்னா அது கவிதை இல்ல, தண்டனை."

கவிதை யாரையாவது, எதையாவது திட்டவும் வேண்டும். அதற்கும் விதி இருந்தது. திட்டப்படுவது அந்த அறையில் இருக்க வேண்டும். "இல்லாதவங்களைத் திட்டினா அது புறம்பேசறது. அதுக்குத்தான் ஸ்டாஃப் ரூம் கட்டி வச்சிருக்கு." ஒருவர் உடம்பையும் வீட்டையும் தொடக் கூடாது. அப்படிப் பார்த்தால் அறையில் மிஞ்சுவது கரும்பலகை, பெஞ்சு, மின்விசிறி, அம்மா. மின்விசிறிக்கு ஆண்டுக்கு ஐந்தாறு கவிதை கிடைக்கும். மீதி எல்லாம் அம்மாவுக்கு.

ஒன்று எனக்கு மனப்பாடம்.

*பாடம் நடத்துகிறார் என்றார்கள்.*
*பாடம் நடக்கவில்லை.*
*நின்ற இடத்திலேயே நின்று*
*எங்கள் கழுத்தை அறுக்கிறது.*

இதற்கு ஆறு மார்க் போட்டாள். பத்துக்கு ஏழுக்கு மேல் யாருக்கும் போட்டதில்லை. ஏன் என்று கேட்டால், "எட்டு எனக்கு. ஒம்போது செத்துப்போன புலவர்களுக்கு. பத்து வாங்கற கவிதையை இன்னும் யாரும் எழுதல," என்பாள்.

அவளுக்குப் பிடிக்காதது நாலாவது அடி. பிள்ளைகள் மூன்று அடியை ஒழுங்காக எழுதிவிட்டு நாலாவது அடியில் திருந்திவிடுவார்கள். அதற்கும் ஒரு உதாரணம் உண்டு.

*மேலே சுற்றுகிறது மின்விசிறி.*
*காற்று வரவில்லை;*
*எங்கள் காதில் பூச்சுற்றுகிறது.*
*ஆகவே மின்சாரத்தைச் சேமிப்போம்.*

சிவப்புப் பேனாவால் கடைசி அடியை ஒரே இழுப்பு. ஓரத்தில் "யார் கேட்டா?" என்று எழுதுவாள். இது தெரிந்த ஒரு வகுப்பு தந்திரம் கண்டுபிடித்தது. வெட்டுவதற்கென்றே நாலாவது அடியாக "நல்லதே செய்வோம்" என்று எல்லோரும் எழுதி வைத்தார்கள். முப்பத்தெட்டு தாளிலும் நல்லதே செய்வோம். அம்மா முப்பத்தெட்டிலும் மூன்றாவது அடியை வெட்டிவிட்டு, மீதியைச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். ஒன்று இப்படி ஆனது: தலைமை ஆசிரியர் வருகிறார், வகுப்பே வாலைச் சுருட்டுகிறது, நல்லதே செய்வோம். அதற்கப்புறம் யாரும் அவளிடம் அந்த வேலையை வைத்துக்கொள்ளவில்லை.

நானும் அந்த வகுப்பில் ஓராண்டு இருந்தேன். பதினாலு வயது. அன்றைய தொடர் கைவிரித்தல். உதவ முடியாது என்று சொல்லிவிடுவது. நான் எழுதியது இது.

*ஒருவர் உதவி கேட்டார்.*
*மற்றவர் கைவிரித்தார்.*
*கை இரண்டு.*
*விரல் பத்து.*

அம்மா ஓரத்தில் எழுதினாள்: "கணக்குச் சரி. 2." அந்த ஆண்டு இ பிரிவில் மிகக் குறைந்த மார்க் அதுதான். வீட்டுக்கு வந்ததும், "நீ இன்ஜினியரிங் படிடி. உலகத்துக்கு நல்லது," என்றாள். படித்தேன். லிஃப்ட் பராமரிப்பு வேலை. பத்து ஆண்டாக அடுக்குமாடிக் கட்டிடங்களில் லிஃப்டுகளைச் சோதித்து, கோளாறு, காரணம், செய்த வேலை என்று மூன்று வரியில் அறிக்கை எழுதுகிறேன். நாலாவது வரி கிடையாது. அதில் மட்டும் அம்மாவுக்கு என்மேல் மரியாதை இருந்தது.

பத்து ஆண்டுக்கு முன்னால் அப்பா இறந்தார். பத்திரிகை அறிவிப்பை மாமா பார்த்துக்கொண்டார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். டைப் அடித்தும் கொடுப்பார். அவர் கம்ப்யூட்டரில் இரங்கல் அறிவிப்புக்கென்று ஒரு வார்ப்பு இருக்கிறது. பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். அன்று பெயரையும் தேதியையும் மட்டும்தான் மாற்றினார். மறுநாள் பத்திரிகையில் அப்பா இறைவனடி சேர்ந்திருந்தார். ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொண்டவர்கள், மீளாத் துயரில் வாடும் மனைவி, மகன்கள், மருமகள்கள், பேரக்குழந்தைகள்.

நான் ஒரே மகள். கல்யாணம் ஆகவில்லை.

அம்மா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "ஏண்டி, உங்கப்பா என்கிட்ட ஒண்ணும் மறைக்க மாட்டார்னு நெனச்சேன். எனக்கு எத்தனை மருமகள்னு தெரியுமா உனக்கு?" என்றாள். அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. மாமா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அவசரத்துல அக்கா," என்றார்.

திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் அந்த அறிவிப்பைக் கத்தரித்துக் கரும்பலகையில் ஒட்டினாள். "திருத்துங்க," என்றாள். பிறகு மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். இதைப் பிற்பாடு அவளே என்னிடம் சொன்னாள்.

"டீச்சர், மீளாத் துயரில்னு போட்டிருக்கு. நீங்க திங்கக்கிழமையே வந்துட்டீங்களே."

அம்மா அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். அப்பா போனபிறகு முதல் சிரிப்பு. அந்தச் சிரிப்பு எங்கே போய் முடிந்தது என்று அந்தப் பெண் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. முடிந்தபிறகு அம்மா, "ஏழு. இதுக்கு நாலு அடி தேவையில்ல," என்றாள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து அப்பாவின் அறிவிப்பைத் திருத்தினார்கள். மிஞ்சியது பெயரும் தேதியும் மட்டும்.

இந்த ஆண்டு தொடக்கத்தில் அம்மாவுக்குக் கணையத்தில் கட்டி. ஓய்வு பெற ஓராண்டு இருந்தது. பெரிய ஆஸ்பத்திரி, ஏழாவது மாடி. டாக்டர் படங்களை விளக்கு முன்னால் வைத்துக் காட்டினார். பரவிவிட்டது, அறுத்து எடுக்க வழியில்லை, மூன்று மாதம், நான்கு மாதம் என்றார். சொல்லிவிட்டு இரண்டு கையையும் மேஜைக்கு மேல் விரித்தார். அவருக்கு உண்மையாகவே வருத்தம்.

அம்மா அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"எண்ணிக்கோ. பத்து இருக்கா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் தளத்துக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றது. இறங்கும்போது அம்மாவின் கையைப் பிடித்தேன். லிஃப்டுக்குள் நாங்கள் இருவர்தான்.

"எனக்கு அறிவிப்பு நீ எழுதணும்," என்றாள்.

"அம்மா."

"உங்க மாமா கையில கொடுத்தா எனக்கும் நாலு மகன் வருவான். நாலு அடி. ஒரு தொடர். ரெண்டு காலும் தரையில. ஆழ்ந்த, மீளாத, பேரிழப்பு, ஈடு செய்ய, இதுல ஒண்ணு வந்தாலும் சைபர். அஞ்சு வாங்கினா பாஸ்."

"இப்ப எதுக்கும்மா இது."

"நான் இருக்கறப்பவே திருத்தணும். அப்புறம் மறுமதிப்பீட்டுக்கு வழி இல்ல."

தரைத்தளத்தில் லிஃப்ட் இரண்டு விரற்கடை கீழே நின்றது. "உன் கம்பெனியா?" என்றாள். இல்லை என்றேன். "அதானே," என்றாள். படியேறி வெளியே வந்தோம்.

அதற்குப் பிறகும் ஐந்து வாரம் பள்ளிக்குப் போனாள். நான் தடுத்தேன். "இ பிரிவுக்கு இன்னும் பன்னெண்டு தொடர் பாக்கி இருக்கு," என்றாள். ஆறாவது வாரம் வகுப்பில் நிற்க முடியாமல் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அந்த வார்டில் ஒரு நர்ஸ் இருந்தாள். திங்கட்கிழமையே வந்துட்டீங்களே என்று கேட்டவள். இருபத்திநாலு வயது, கண்ணாடி, வாய் அப்படியே. முதல் நாள் அம்மாவுக்கு ஊசி போட நரம்பு தேடினாள். இரண்டு முறை தவறியது.

"ஒம்பதாம் கிளாஸ்லயே இவளுக்கு எதுகை கிடைக்காது," என்றாள் அம்மா என்னிடம். "நரம்பு எங்க கிடைக்கப் போகுது."

"பேசாம இருங்க டீச்சர். நீங்க பேசினா நரம்பு ஓடி ஒளியுது."

"பாத்தியா, கம்பி நீட்டுதுன்னு சொல்லியிருக்கலாம். வாய்ப்பை விட்டுட்டா. அஞ்சு."

முதல் கவிதையை அந்த வாரம் கொண்டுபோனேன். அன்பின் வடிவே, அறிவின் சுடரே, பண்பின் சிகரமே, பாசத்தின் ஊற்றே. நாலு அடியும் சேர்ந்து கொஞ்சம் கம்பீரமாக இருப்பதாக எனக்குப் பட்டது. அம்மா இரண்டு முறை வாசித்தாள். சிவப்புப் பேனாவால் ஓரத்தில் எழுதிக் கொடுத்தாள்: "யார் இவங்க? நான் பாக்கணும்." மார்க் சைபர். தொடர் எங்கே என்று கேட்டாள். மறந்துவிட்டேன் என்றேன். "வடிவு, சுடர், சிகரம், ஊற்று. ஒரு சுற்றுலாத் தலத்துக்குப் போய்ட்டு வந்த மாதிரி இருக்கு," என்றாள்.

இரண்டாவதை வேலையிடத்தில், லிஃப்ட் கூரைமேல் உட்கார்ந்து எழுதினேன். இறப்பதைப் பேச்சில் மேலே போய்விட்டார் என்பதுண்டு. எனக்குத் தெரிந்த துறை.

*மேலே போய்விட்டார்.*
*லிஃப்ட் இல்லை.*
*படியும் இல்லை.*
*பராமரிப்புப் பணி நடைபெறுகிறது.*

அம்மாவுக்குச் சிரிப்பு வந்து இருமலாகி, நர்ஸ் ஓடி வந்தாள். "அக்கா, டீச்சருக்கு ஜோக் சொல்லக் கூடாதுன்னு நான் எழுதியே ஒட்டணும் போல," என்றாள்.

"ஜோக் இல்ல," என்றாள் அம்மா, மூச்சு வந்ததும். "இது இவ கம்பெனி விளம்பரம். மூணு."

"மூணா? சிரிச்சியே."

"சிரிச்சது நான். மார்க் போடறது டீச்சர்." பிறகு தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். "ரெண்டு காலும் தரையில இருக்கு. ஆனா இதுல செத்தது யாருன்னு இல்ல. யார் செத்தாலும் ஒட்டலாம். உங்க மாமா வார்ப்பு மாதிரி."

அதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வாரம் ஒன்றும் எழுத வரவில்லை. அம்மா மெலிந்துகொண்டே போனாள். பேச்சு குறைந்தது. மூச்சு வாங்கி வாங்கி, தினமும் நான் உள்ளே நுழைந்ததும், "இருக்கா?" என்று மட்டும் கேட்பாள். இல்லை என்பேன். "நேரம் ஆகுதுடி," என்பாள். கரும்பலகை மேல் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வது போலவேதான் சொல்வாள். வலக்கையில் ஊசி ஏறியிருந்ததால் அந்தக் கையால் எழுதக் கூடாது என்றாள் நர்ஸ். "அப்ப இடது கையால வெட்டறேன். வெட்டறதுக்கு அழகு தேவையில்ல," என்றாளாம் அம்மா.

மூன்றாவது கவிதையைக் கொண்டுபோனது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, பார்வையாளர் நேரத்தில்.

*முப்பத்தொரு ஆண்டு எங்கள் கழுத்தை அறுத்தார்.*
*நேற்றோடு நிறுத்திக்கொண்டார்.*
*கழுத்து பத்திரமாக இருக்கிறது.*
*உங்கள் பணி என்றும் வாழும்.*

அம்மாவால் தாளைப் பிடிக்க முடியவில்லை. நர்ஸ் பிடித்துக்கொண்டாள். படித்து முடிக்க வெகுநேரம் ஆனது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தாள் திருத்தும்போது அவள் முகத்தில் எப்போதும் ஒன்றும் தெரியாது. இடக்கையில் பேனாவை வாங்கி நாலாவது அடியின் மேல் கோடு இழுத்தாள். கோடு தாளை விட்டு நர்சின் கட்டைவிரல் வரை போனது.

"யார் கேட்டா?" என்றாள் நர்ஸ், அம்மாவுக்குப் பதிலாக.

அம்மா தலையை ஆட்டினாள். பிறகு என்னிடம், "மூணு அடி இருக்கு," என்றாள். "நாலாவது கொண்டா. அப்புறம் மார்க்."

"மூணுக்கு மட்டும் போடேன்மா. அஞ்சு வருமா?"

"பேரம் பேசாத."

புதன்கிழமை போனபோது தூங்கிக்கொண்டிருந்தாள். நாலாவது அடியும் என்னிடம் இல்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பதினாலு மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் கூரைமேல் நின்றிருந்தேன். போன் வந்தது. நர்ஸ். "வாங்க அக்கா," என்று மட்டும் சொன்னாள். கம்பெனி வேனில் போனேன். அதற்கப்புறம் கையெழுத்துகள். எந்தத் தாளில் போட்டேன், எத்தனை போட்டேன் என்று நினைவில்லை.

மூன்றரை மணிக்கு மாமாவும் நானும் பத்திரிகை அலுவலகத்தின் விளம்பரக் கவுண்டரில் நின்றோம். நாலு மணிக்கு மூடிவிடுவார்கள். மாமா சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். எனக்குப் பார்க்காமலே தெரிந்தது.

"ஆழ்ந்த இருக்கா மாமா?"

"இருக்கு."

"மீளா?"

"இருக்கத்தானேம்மா செய்யும்."

"மகன்கள்?"

"எடுத்துட்டேன். இந்த தடவை பாத்துப் பாத்து எடுத்துட்டேன்." தாளை விரித்துக் காட்டினார். "மருமகள்களையும் எடுத்துட்டேன்."

நான் என் தாளை எடுத்து வைத்தேன். சிவப்புக் கோடு போட்ட அதே தாள். மாமா படித்தார். முகம் மாறியது.

"கழுத்தை அறுத்தாரா? ஏம்மா, செத்துப்போனவளை. பேப்பர்ல. ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும்னுதான் மாமா எழுதச் சொன்னா."

"படிச்சவ நீ. உனக்கு என்ன ஆச்சு? நான் அவ தம்பி. எனக்கு ஒரு மரியாதை வேணாமா?"

கவுண்டருக்குப் பின்னால் இருந்தவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நிறையப் பார்த்தவர் போலிருந்தது. "எதைப் போடணும்னு நீங்க பேசி முடிச்சுச் சொல்லுங்க. ஆனா மேடம், மூணு அடிதான் இருக்கு, நாலாவதை அடிச்சிருக்கீங்க. அப்படியே போட்டா பாதியில நிக்கிற மாதிரி இருக்கும். எங்க தப்புன்னு சொல்லுவாங்க." பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "முதல்ல தலையில இருக்கறதைக் கழட்டிட்டு உக்காருங்க மேடம்," என்றார்.

தலையைத் தொட்டுப் பார்த்தேன். வேலையிடத்து மஞ்சள் தலைக்கவசம். காலை பத்து மணிக்கு லிஃப்ட் கூரையில் இருந்தபோது போட்டிருந்தது. ஆஸ்பத்திரி, வார்டு, அம்மா, கையெழுத்துகள், எல்லாவற்றுக்கும் அதோடுதான் போயிருக்கிறேன்.

"நீங்க சொல்லியிருக்கலாமே மாமா."

"பாத்தேன். கம்பெனி ரூல் போலன்னு விட்டுட்டேன்."

கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளே வியர்வையில் நனைந்த பட்டை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேனா கேட்டேன். அவர் நீலம் கொடுத்தார். அம்மாவின் கோட்டுக்குக் கீழே எழுதினேன்.

*தலையைத்தான் காணோம்.*

மாமா முழுவதையும் முதலிலிருந்து படித்தார். உதடு அசையப் படித்தார். கழுத்து பத்திரமாக இருக்கிறது, தலையைத்தான் காணோம். இரண்டாம் முறை படிக்கும்போது அவர் முகம் சிரிப்பா, அழுகையா என்று தெரியாத இடத்துக்குப் போய், அங்கேயே நின்றது.

"அக்கா இதுக்கு எவ்வளவு போட்டுச்சு?"

"இன்னும் போடல மாமா."

தன் தாளை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "என் பேரைக் கீழ போடுவீங்கல்ல?" என்று கவுண்டரில் கேட்டார். "தம்பின்னு. ஒரே தம்பின்னு போடுங்க."

வெள்ளிக்கிழமை வந்தது. பெயர், தேதி, நாலு அடி, மகள், ஒரே தம்பி. சிலர் போன் செய்து திட்டினார்கள். பெரியப்பா ஒருவர், பெற்ற தாயைக் கேலி செய்பவளோடு இனி பேச்சில்லை என்று சொல்வதற்காக அரை மணி நேரம் பேசினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவின் பொருள்களை எடுக்கப் பள்ளிக்குப் போனேன். தலைமை ஆசிரியர் அறையில் உட்கார வைத்தார்கள். "உங்கம்மா இந்தப் பள்ளிக்கு ஒரு தூண்," என்றார் அவர். மனதுக்குள் தூணை வெட்டினேன். நல்ல மனிதர். அறிவிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க மிகவும் சிரமப்பட்டார்.

அலமாரி ஒன்பதாம் வகுப்பு இ பிரிவு அறையில் இருந்தது. கடைசிப் பீரியட். ஆசிரியர் யாரும் இல்லை. ஆனால் எல்லோரும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மின்விசிறி சுற்றியது. காற்று வரவில்லை. கரும்பலகையில் பத்திரிகையிலிருந்து கத்தரித்த துண்டு ஒட்டியிருந்தது. மேலே சாக்பீஸால் "திருத்துங்க" என்று எழுதியிருந்தார்கள். துண்டில் ஒரே ஒரு சொல்லின் மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில் 6.

நான் யார் என்று சொன்னேன். நாற்பது பேரும் எழுந்து நின்றார்கள். உட்காரச் சொன்னேன். துண்டின் அருகில் போய்ப் பார்த்தேன். பத்திரமாக என்ற சொல்லை வெட்டியிருந்தார்கள்.

"யார் திருத்தினது?"

முதல் பெஞ்சில் ரெட்டைச் சடை போட்ட பெண் கையைத் தூக்கினாள். "எல்லாரும் சேந்துதான் அக்கா. பத்திரமாக வேண்டாம். கழுத்து இருக்கிறதுன்னு சொன்னாலே போதும். பத்திரமாகன்னா நீங்க சிரிக்க வைக்கப் பாக்கற மாதிரி இருக்கு."

சொல்லிப் பார்த்தேன். கழுத்து இருக்கிறது. தலையைத்தான் காணோம். அவள் சொன்னது சரி.

"நாலாவது அடி?"

"அதை வெட்டலாம்னு பாத்தோம்," என்றான் பின்னாலிருந்து ஒருவன். "டீச்சர் எப்பவும் அதைத்தானே வெட்டுவாங்க. ரெண்டு நாள் சண்டை. வெட்ட முடியல. விட்டுட்டோம்."

"ஆறு வந்துடுச்சா?"

"அந்த ஒரு சொல் இல்லாம இருந்தா ஏழு அக்கா."

பாஸ். அலமாரியைத் திறந்தேன். பதினொரு நோட்டுகள். தன்னைத் திட்டிய கவிதைகளில் பிடித்ததை எல்லாம் படி எடுத்து வைத்திருந்தாள். இரண்டு சிவப்புப் பேனா. ஒரு ஜோடி செருப்பு. பையில் போட்டுக்கொண்டிருக்கும்போது ரெட்டைச் சடை மறுபடி எழுந்தாள்.

"அக்கா, கை இரண்டு நீங்கதானே?"

"என்னது?"

அதற்குள் வகுப்பே ஒரே குரலில் சொல்ல ஆரம்பித்துவிட்டது. ஒருவர் உதவி கேட்டார். மற்றவர் கைவிரித்தார். கை இரண்டு. விரல் பத்து. கடைசிப் பெஞ்சில் தாளம் வேறு போட்டார்கள்.

பத்தொன்பது ஆண்டாக, ஆண்டின் முதல் வெள்ளிக்கிழமை, கவிதை எப்படி இருக்கக் கூடாது என்பதற்கு அம்மா கரும்பலகையில் எழுதிய உதாரணம் அது. இந்த மாவட்டத்தில் என் பெயர் தெரியாத ஓர் எழுநூறு பேருக்கு என் கவிதை மனப்பாடம். அந்த நர்சுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கள்ளி, ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ரெண்டு மார்க்," என்றேன்.

"இல்லக்கா, மூணு," என்றாள் ரெட்டைச் சடை. "டீச்சர் இந்த வருஷம் மாத்திட்டாங்க. லீவுல போறதுக்கு முன்னாடி. ஒரு நாள் வந்து, போர்டுல எழுதி, ரெண்டை அழிச்சு மூணு போட்டாங்க."

"ஏன்னு கேட்டீங்களா?"

"கேட்டோம். ஒரு டாக்டர் கையை விரிச்சுக் காட்டினாராம். எண்ணிப் பாத்தாங்களாம். சரியா இருந்துச்சாம்." அவள் நெற்றியைச் சுருக்கினாள். "எங்களுக்குப் புரியல. அதுல என்ன அக்கா இருக்கு?"

செருப்பைப் பைக்குள் வைத்தேன். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். முதல் பெஞ்ச் எண்ண ஆரம்பித்தது.